பனிக்குப் பனியன் ஆகாது!

காஷ்மீரத்துச் சரிவில் சறுக்கிப் பழக என்ன உடை வேண்டும்? எதை வாங்கலாம்? எதை வாடகைக்கு எடுக்கலாம்?

துடியலூரில் மார்கழிப் பனியைப் பார்த்திருப்பீர்கள். விடிகாலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மங்கலாக நிற்கும். வெயில் ஏறியதும் ஓடிவிடும். புல் நுனியில் நாலு துளி மிஞ்சும். அவ்வளவுதான்!

காஷ்மீரத்துப் பனி அப்படிப்பட்டதல்ல. அது வானத்திலிருந்து பஞ்சு போல் விழுகிறது. விழுந்தது போவதில்லை. மாதக்கணக்கில் கிடக்கிறது. சில இடங்களில் ஆள் உயரத்துக்குக்கூடச் சேர்ந்துவிடுகிறது.

அந்தப் பனியின் மேல் ஒரு பலகையைப் போடுகிறார்கள். இரண்டு கால்களையும் அதில் பூட்டிக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் நின்றபடி மலைச் சரிவில் சர்ரென்று இறங்குகிறார்கள். இதற்கு 'ஸ்னோபோர்டிங்' என்று பெயர். தமிழில் பனிப்பலகைச் சறுக்கு என்று சொல்லலாம்.

'ஸ்கீ' என்பது வேறு. அதில் காலுக்கு ஒரு கட்டை. கைக்கு ஒரு கோல். இதில் ஒரே பலகை. கோல் கிடையாது.

"இது மேல்நாட்டார் விளையாட்டு. நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். காஷ்மீரத்தில் குல்மார்க், இமாசலப் பிரதேசத்தில் மணாலி, உத்தராகண்டில் ஆலி என்று நம் நாட்டிலேயே சறுக்கிப் பழகும் இடங்கள் இருக்கின்றன. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் கூடவே செலவும் வருகிறது!

ஒரு வீட்டில்...

துடியலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா நூல் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மகள் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். பிப்ரவரி மாதம் தோழிகளோடு குல்மார்க் போக வேண்டும், பனிப்பலகை பழக வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"ஊட்டிக்குப் போட்டுட்டுப் போன ஸ்வெட்டர் இருக்குதல்ல அம்மிணி? அது பத்தாதா?" என்கிறார் அப்பா.

"பத்தாதுங்கப்பா."

"உள்ளே ரெண்டு பனியன் சேர்த்துப் போட்டுக்க. பருத்தியை மிஞ்சின துணி உலகத்துல இருக்குதா?"

அம்மாவுக்கு வேறு கவலை. "பலகையே அரை லட்சம்னு சொல்றாங்களே கண்ணு! அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால் போதும். பணமும் மிஞ்சும், உடம்பும் பிழைக்கும்.

நண்பன் பகைவன் ஆகிறான்!

அப்பா சொன்னது தவறா? துடியலூரில் தவறல்ல. குல்மார்க்கில் தவறு!

சித்திரை வெயிலில் பருத்தி நம்மைக் காப்பாற்றுகிறது. எப்படி? அது வியர்வையைக் குடிக்கிறது. மெதுவாக உலர்கிறது. உலரும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் உடம்பு குளிர்கிறது.

அதே குணம்தான் பனியில் எமனாகிறது!

பலகை பழகுகிறவர் விழுவார். எழுவார். மறுபடி விழுவார். முதல் நாள் முழுவதும் இதுதான் வேலை. குளிரிலும் வியர்த்துக் கொட்டும். உள்ளே இருக்கும் பருத்திப் பனியன் அந்த வியர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் காயாது. ஓய்வுக்காக உட்கார்ந்ததும் நடுக்கம் தொடங்கும்.

காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்துகிறது. குல்மார்க்கில் குளிர்கால இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை இறங்குவது அபூர்வமல்ல. அந்தக் குளிரில் ஈரப் பனியன் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்!

நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். சாதாரண நிலையில் பருத்தி காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளும் ஈரம் 8.5 சதவீதம். பாலியஸ்டர் பிடிப்பது 0.4 சதவீதம்தான். நூல் வியாபாரத்தில் எடைக்காகப் போட்ட கணக்கு அது. பனிமலையில் அதுவே உயிர்க் கணக்கு!

கம்பளியின் கதை வேறு. அதுவும் ஈரத்தைக் குடிக்கும். ஆனால் நனைந்த பிறகும் ஓரளவு கதகதப்பை விடாது. ஆகவே பாலியஸ்டர் அல்லது கம்பளி, இந்த இரண்டில் ஒன்றுதான் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு பருத்திப் பனியன், ஒரு பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை, இரண்டையும் நனையுங்கள். நன்றாகப் பிழியுங்கள். நிழலில் ஒரே கொடியில் போடுங்கள். எது முதலில் காய்கிறது என்று குழந்தைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்!

மூன்று அடுக்கு

துணி சூடு தருவதில்லை. உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. அந்த வேலையைச் செய்வது துணிகளுக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்று. ஆகவே கனமான ஒரு கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கே மேல். வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். குளிர்ந்தால் போட்டுக்கொள்ளலாம்.

முதல் அடுக்கு: உடம்பை ஒட்டிய முழுக்கைச் சட்டையும் காற்சட்டையும். 'தெர்மல்' என்று கேட்டால் கடையில் தருவார்கள். வாங்குமுன் சீட்டைப் படியுங்கள். கடையில் விற்கும் தெர்மலில் பருத்தி கலந்ததும் உண்டு. அது வேண்டாம்.

இரண்டாம் அடுக்கு: கதகதப்புக்கு. 'ஃப்ளீஸ்' என்று ஒரு துணி. பூந்துவாலை போல் மயிர் எழும்பிய பாலியஸ்டர். வீட்டில் கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் அதுவே போதும். அப்பா சொன்ன ஊட்டி ஸ்வெட்டர் இங்கே உதவும். ஆனால் அது கம்பளியா, அக்ரிலிக்கா, பருத்தியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தியானால் வீட்டிலேயே இருக்கட்டும்.

மூன்றாம் அடுக்கு: காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஜெர்கினும் பேண்ட்டும். நல்ல உடையின் சீட்டில் 5,000 மில்லிமீட்டர், 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். அந்தத் துணி ஒழுகாமல் எவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கும் என்பதன் அளவு அது. நாள் முழுவதும் பனியில் உட்கார்ந்து எழுகிறவருக்கு 10,000 இருந்தால் நல்லது.

மழைக்கோட்டு போதாதா? போதாது. வெறும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு வெளி ஈரத்தைத் தடுக்கும். ஆனால் உள் வியர்வையையும் வெளியே விடாது. அரை மணி நேரத்தில் உள்ளேயே மழை பெய்துவிடும்!

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஜீன்ஸும் பருத்திதான். நனைந்தால் கல் போல் கனக்கும்; காயாது.

காதர்பேட்டைக்கு ஒரு நடை

முதல் அடுக்கைத் தேடி டில்லி போக வேண்டியதில்லை. கோவையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருப்பூர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை. பனியன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். ஏற்றுமதியில் மிஞ்சிய துணிமணிகள் அங்கே மலிவாகக் கிடைக்கும்.

திருப்பூர் என்றால் பருத்திதானே என்று நினைக்க வேண்டாம். பாலியஸ்டர் விளையாட்டு உடைகளும் இன்று அங்கே தயாராகின்றன. ஓட்டப் பந்தயக்காரர்கள் போடும் முழுக்கைச் சட்டை, உடம்பைப் பிடிக்கும் காற்சட்டை, இவை இரண்டிரண்டு வாங்கினால் முதல் அடுக்கு முடிந்தது. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

மிச்சச் சரக்கு வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். தையல் விட்டிருக்கிறதா? ஜிப் ஓடுகிறதா? சீட்டில் என்ன நூல் என்று போட்டிருக்கிறதா? சீட்டு இல்லாத துணியைக் கடைக்காரர் வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் ஃப்ளீஸும் கிடைக்கிறது. பனி ஜெர்கினும் கிடைக்கிறது. சீசன் முடிந்து தள்ளுபடி போடும்போது வாங்குவது கெட்டிக்காரத்தனம். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு அளவு பெரிதாக எடுங்கள். தம்பிக்கும் ஆகும்.

வாங்க வேண்டியவை

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். பலகை, காலைப் பூட்டும் வார், பூட்ஸ் மூன்றையும் புதிதாக வாங்கினால் அரை லட்சத்தைத் தாண்டத்தான் செய்யும். ஆனால் யார் வாங்கச் சொன்னது? வருடத்தில் ஒரு வாரம் பழகப் போகிறவருக்குச் சொந்தப் பலகை எதற்கு?

கணக்கு எளிது. தோலைத் தொடுவதை வாங்குங்கள். பனியைத் தொடுவதை வாடகைக்கு எடுங்கள்.

உள்ளுடை, காலுறை, உள் கையுறை, குல்லாய் இவற்றை வாங்குங்கள். பிறர் வியர்வை பட்டதைப் போடவும் வேண்டாம். அளவு சரியில்லையே என்று அவதிப்படவும் வேண்டாம்.

காலுறையில் ஒரு விஷயம். குளிர் என்று இரண்டு ஜோடி மாட்டாதீர்கள்! பூட்ஸ் இறுகும். ரத்த ஓட்டம் குறையும். கால் இன்னும் சில்லிட்டுப் போகும். முழங்கால் வரை வரும் கம்பளி அல்லது செயற்கை நூல் காலுறை ஒரு ஜோடி போதும். பள்ளிக்கூடத்துப் பருத்திக் காலுறை ஆகாது.

பழகுகிறவர் விழும்போது கையைத்தான் முதலில் ஊன்றுகிறார். ஆகவே தண்ணீர் புகாத வெளிக் கையுறை அவசியம். மாற்றுக்கு இன்னொரு ஜோடி இருந்தால் நிம்மதி.

பனிப்பலகை பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடும் இடம் மணிக்கட்டு. ரோலர் ஸ்கேட்டிங் பழகும் குழந்தைகள் மணிக்கட்டுக் காப்பு போடுகிறார்களே, அது கோவை விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். பெரிய கையுறைக்குள் அது அடங்கும். சின்னச் செலவு, பெரிய லாபம்!

கண்ணாடியில் கஞ்சத்தனம் கூடாது. புதுப் பனி தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேலிருந்தும் வெயில், கீழிருந்தும் வெயில்! கண் எரிந்து, சில மணி நேரம் பார்வையே மங்கிவிடும். 'யூ.வி. 400' என்று போட்ட, கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடியாக வாங்குங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி ஆபத்து. இருட்டில் கண்பாவை விரியும். கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

வாடகைக்கு எடுக்க வேண்டியவை

பலகை, பூட்ஸ், ஹெல்மெட் மூன்றும் குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். வழியில் தங்மார்க் என்ற ஊர் வரும். அங்கே கோட்டும் பூட்ஸும் வாடகைக்குத் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மணாலியிலிருந்து சோலாங் போகும் வழியிலும் அப்படியே. ஜெர்கினும் பேண்ட்டும் வாங்க வசதியில்லாதவர்கள் அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். உடைக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வேறு கேளுங்கள். முழங்காலிலும் பின்புறத்திலும் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, ஒரு வாரத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். திருப்பித் தரும்போது சண்டை வராது.

பூட்ஸ்தான் முக்கியம். போட்டு நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் மேலே எழக்கூடாது. எழுந்தால் பூட்ஸ் பெரியது என்று அர்த்தம்.

பலகையை நிறுத்தினால் உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும். பழகுகிறவருக்குச் சற்று வளையும் பலகையே நல்லது. எந்தக் கால் முன்னே? வழவழப்பான தரையில் காலுறையோடு ஓடிச் சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னே போகும் காலே முன்கால்! இதைத் துடியலூர் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போகலாம்.

வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது கனம், வேறு விதமான அடிக்காகச் செய்தது. பனி ஹெல்மெட்டில் 'ஈ.என். 1077' என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் கண்டதைத் தொடாதீர்கள்.

பலகை பிறந்த கதை

இந்த விளையாட்டு பணக்காரத் தொழிற்சாலையில் பிறந்ததல்ல. 1965-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கிகன் என்ற ஊர். ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிணைத்தார். குழந்தைகள் அதில் ஏறி நின்று சறுக்கினார்கள். அதுதான் தொடக்கம்! 1998-ம் ஆண்டு ஜப்பானில் நாகானோ ஒலிம்பிக்கில் பனிப்பலகையும் ஒரு போட்டியாகிவிட்டது.

நம் நாட்டுச் செய்தியும் ஒன்று உண்டு. 2022-ம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் களம் இறங்கியவர் ஒரே ஒருவர். பெயர் ஆரிஃப் கான். ஸ்கீ வீரர். தங்மார்க் பக்கத்துக்காரர். அவருடைய தந்தை குல்மார்க்கில் சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். சாமான் கடைப் பிள்ளை ஒலிம்பிக் வீரரானார்!

குல்மார்க்கில் மத்திய அரசின் சுற்றுலாத் துறையைச் சேர்ந்த பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மணாலியிலும் அரசுப் பயிற்சி நிலையம் உண்டு. அங்கே சேருகிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். எந்தச் சாமான் அவர்கள் தருவார்கள், எது நாம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

எச்சரிக்கை!

உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. விடாத நடுக்கம், தடுமாறும் கை, குழறும் பேச்சு, இவை அடையாளங்கள். உடனே உள்ளே கூட்டிப்போய் ஈரத் துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போர்த்த வேண்டும். மருத்துவரை அழைக்க வேண்டும். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் தசை கெடும்.

பழகுகிறவர்கள் பயிற்சிச் சரிவை விட்டு உயரத்துக்குப் போகவும் கூடாது. 2023 பிப்ரவரியில் குல்மார்க் உச்சிச் சரிவில் பனி சரிந்து போலந்து நாட்டு ஸ்கீ வீரர்கள் இருவர் மாண்டார்கள். நல்ல உடை குளிரைத் தடுக்கும், மலையைத் தடுக்காது.

கொடியில் காய்ந்தது

துடியலூர் வீட்டுக்குத் திரும்புவோம். மகள் கொடியில் இரண்டு துணிகளைப் போட்டாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். பாலியஸ்டர் சட்டை காய்ந்துவிட்டது. பனியன் இன்னும் ஈரம். அப்பா எழுந்து போய் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். முப்பது வருடம் நூலைத் தொட்ட கை அது, ஏமாறுமா?

"சரி அம்மிணி. உன் இஷ்டப்படியே வாங்கிக்க. ஆனா இந்தத் துணி எந்த ஊர்ல பின்னினது?"

"நம்ம திருப்பூருங்கப்பா!"

அப்பா முகத்தில் சிரிப்பு வந்தது. பனியனை மடித்து மகள் கையில் கொடுத்தார்.

"இது வீட்டிலேயே இருக்கட்டும். பத்திரமாத் திரும்பி வந்து போட்டுக்க."